நாமும் நாங்களும்: குழு அடையாளம் பற்றிய ஒரு சமூக உளவியல் விளக்கம்

1. இரண்டு தன்மைப் பன்மைகள்

தமிழில் தன்மைப் பன்மையைக் குறிக்க இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் உளப்படுத்திப் பேசும்போது 'நாம்' என்கிறோம். கேட்பவரை விலக்கிப் பேசும்போது 'நாங்கள்' என்கிறோம். நண்பரிடம் 'நாம் போவோம்' என்று சொன்னால் அவரும் உடன் வருகிறார். 'நாங்கள் போகிறோம்' என்று சொன்னால் அவர் வழியனுப்புபவர் ஆகிவிடுகிறார். மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. 'கித்தா' என்பது நாம். 'காமி' என்பது நாங்கள். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

மனிதர் எவ்வாறு குழுக்களாக இணைகின்றனர், அக்குழுக்களைத் தம் அடையாளமாக எவ்வாறு ஏற்கின்றனர், பிற குழுவினரிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பவற்றை ஆராயும் துறை சமூக உளவியல். இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர் இன்று பெருகி வருகின்றனர். அவர்கள் பயிலும் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பினும், அவற்றின் மையக் கேள்வியைத் தமிழ் மாணவர் தம் இலக்கணத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 'நாங்கள்' என்னும் உணர்வு எப்போது தோன்றுகிறது? அது எப்போது 'நாம்' ஆக விரிகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் ஆய்வுகள் தரும் விடைகளைத் தொகுத்து, அவை தமிழ் வகுப்பறைக்கு உணர்த்துவது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாட நேரம் வந்ததும், அதுவரை ஒரே அறையில் அமர்ந்திருந்த மாணவர் சீனம், மலாய், தமிழ் எனப் பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குச் செல்கின்றனர். பாடம் முடிந்ததும் மீண்டும் ஒன்றாக அமர்கின்றனர். ஒரே முற்பகலில் ஒரு மாணவர் ஒரு வகுப்பின் உறுப்பினராகவும், ஒரு மொழிக் குழுவின் உறுப்பினராகவும், விளையாட்டு அணி ஒன்றின் உறுப்பினராகவும் இருக்கிறார். இவற்றுள் எந்த அடையாளம் எந்த நேரத்தில் முன்னே வருகிறது என்பது சூழலைப் பொறுத்தது. அடையாளம் என்பது பிறப்போடு வந்து மாறாமல் நிற்கும் ஒன்று எனக் கருதுவோர்க்குச் சமூக உளவியல் சொல்லும் முதற்செய்தி இதுவே.

2. கோடு ஒன்றே போதும்

ஹென்றி தாஜ்ஃபெல் 1919இல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் வேதியியல் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940இல் செர்மானியரிடம் போர்க்கைதியானார். தாம் யூதர் என்பதை மறைக்காவிடினும், போலந்து யூதர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுக்காரராகவே சிறையில் காலங்கழித்தார். அந்த ஓர் உண்மை வெளிப்பட்டிருந்தால், காவலர் எவரோடும் அவர் கொண்டிருந்த நட்பு அவரைக் காப்பாற்றியிருக்காது. விடுதலை பெற்றுத் திரும்பியபோது அவருடைய குடும்பத்தினரிலும் நண்பரிலும் மிகப் பலர் உயிரோடில்லை. தனிமனிதரின் குணமும் உறவும் பொருளற்றுப் போய், எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே உயிரைத் தீர்மானிக்கும் நிலையை அவர் நேரில் கண்டவர்.

பின்னர் பிரிட்டனில் உளவியல் பேராசிரியரான தாஜ்ஃபெல், இதற்கு நேர்மாறான எளிய நிலையிலிருந்து தம் ஆய்வைத் தொடங்கினார். பகையோ, போட்டியோ, பழைய வரலாறோ இல்லாத குழுக்களிலும் பாகுபாடு தோன்றுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. பிரிஸ்டல் நகரப் பள்ளியொன்றைச் சேர்ந்த 14, 15 வயதுச் சிறுவர் 64 பேர் முதல் ஆய்வில் கலந்துகொண்டனர். திரையில் தோன்றி மறையும் புள்ளிகள் எத்தனை என அவர்கள் ஊகித்தனர். மிகுதியாக ஊகித்தவர், குறைவாக ஊகித்தவர் எனத் தாம் பிரிக்கப்பட்டதாக அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பிரிவு எந்த அடிப்படையும் இன்றிச் செய்யப்பட்டது. இரண்டாம் ஆய்வில் 48 சிறுவர், கிளே, கண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியருள் எவருடைய ஓவியங்களை விரும்பினர் என்பதன்படி பிரிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டனர்.

அதன்பின் ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து, வேறு இருவருக்குச் சிறுதொகை பகிர்ந்தளிக்க வேண்டும். அவ்விருவரின் பெயர் தெரியாது. குறியெண்ணும் குழுவும் மட்டுமே தெரியும். பகிர்பவருக்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை. இந்நிலையிலும் பெரும்பாலோர் தம் குழுவினருக்கே மிகுதியாக அளித்தனர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒரு பட்டியலின் ஒரு முனையில் தம் குழுவினருக்கு 7 புள்ளி, மற்றவருக்கு 1 புள்ளி. நடுவில் இருவருக்கும் 13. மறுமுனையில் தம் குழுவினருக்கு 19, மற்றவருக்கு 25. தம் குழுவினர் மிகுதியாகப் பெற வேண்டுமெனில் மறுமுனையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஆனால் சிறுவரின் தேர்வுகள் அங்குச் செல்லவில்லை. நேர்மை உணர்வு அவர்களை ஓரளவு தடுத்தபோதிலும், தம் குழு பெறுவது குறைந்தாலும் மற்றதைவிடக் கூடியிருக்க வேண்டும் என்னும் விருப்பம் அவர்களை முதல் முனையை நோக்கி இழுத்தது.

1979இல் தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் இதற்கொரு விளக்கம் அளித்தனர். அது சமூக அடையாளக் கோட்பாடு எனப்படும். மனிதர் தம்மையும் பிறரையும் வகைப்படுத்துகின்றனர். ஒரு வகையைத் தம்முடையதாக ஏற்கின்றனர். பின்னர் அதனைப் பிற வகைகளோடு ஒப்பிடுகின்றனர். குழுவின் மதிப்பு தன்மதிப்பின் ஒரு பகுதியாகிவிடுவதால், ஒப்பீட்டில் தம் குழு உயர்ந்து நிற்க வேண்டும் என விரும்புகின்றனர்.

குழு தாழ்வாக மதிக்கப்படும்போது உறுப்பினர் செய்யக்கூடியவற்றையும் இக்கோட்பாடு மூன்றாக வகுக்கிறது. ஒருவர் அக்குழுவை விட்டு விலக முயலலாம். அல்லது ஒப்பிடும் அளவுகோலை மாற்றி, தம் குழுவின் வேறொரு சிறப்பை முன்னிறுத்தலாம். அல்லது குழுவாக நின்று நிலையை மாற்றப் போராடலாம். தமிழ் பேசத் தயங்கும் மாணவரைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவும். அதனைப் பின்னர்க் காண்போம்.

3. பகையும் பொதுப்பணியும்

தாஜ்ஃபெலுக்கு முன்பே, துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய முசாஃபர் ஷெரீஃப் வேறொரு வழியில் குழுக்களை ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டுக் கோடையில், ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதையொட்டிய சிறுவர் 22 பேர் முகாமிட்டனர். அவர்கள் இரு குழுக்களாகத் தனித்தனியே தங்கவைக்கப்பட்டனர். பின்னர்ப் பரிசுக்காகப் போட்டிகள் நடத்தப்பட்டன. சில நாள்களிலேயே வசைச்சொல் எழுந்தது, கொடி எரிக்கப்பட்டது, ஒரு குழுவின் குடிலை மற்றது சூறையாடியது. அனைவரும் சாதாரணக் குடும்பத்துச் சிறுவர். எவரிடமும் தனிக்குறை இருந்ததில்லை.

பகையைத் தீர்க்க ஷெரீஃப் முதலில் அவர்களை ஒன்றாக உண்ணவும் படம் பார்க்கவும் செய்தார். அதனால் பயனில்லை; உணவு மேசையே சண்டைக் களமாயிற்று. பின்னர் இரு குழுவும் சேர்ந்தாலன்றி முடியாத பணிகளை உருவாக்கினார். முகாமுக்கு வரும் குடிநீர் தடைப்பட்டது. அனைவரும் சேர்ந்து அதனைச் சீராக்கினர். உணவு கொண்டுவர வேண்டிய லாரி நின்றுவிட்டது; அனைவரும் கயிறு கட்டி இழுத்தனர். முன்பு கயிறிழுக்கும் போட்டியில் பயன்பட்ட கயிறுதான் அது. இத்தகைய பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது பகை தணிந்தது. முகாம் முடிந்ததும் அவர்கள் ஒரே பேருந்தில் ஊர் திரும்பினர்.

இவ்வாய்வைச் சொல்வோர் பலர், அதற்கு ஓராண்டு முன் நிகழ்ந்ததைச் சொல்வதில்லை. 1953இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் நடத்திய முகாமில் சிறுவர் முதலில் நண்பராகப் பழகிய பின்னரே பிரிக்கப்பட்டனர். அவர்கள் பகைவராக மறுத்தனர். பெரியவர்களே சண்டை மூட்டுகின்றனர் என ஐயுற்றனர். அந்த ஆய்வு இடையிலேயே கைவிடப்பட்டது. தோல்வி எனக் கருதப்பட்ட இம்முகாமும் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. குழு பிரிந்தால் பகை வந்தே தீரும் என்பது இயற்கை விதியன்று. முன்பே வேரூன்றிய நட்பு பிரிவினையைத் தாங்கி நிற்கும்.

அதே 1954இல் கோர்டன் ஆல்போர்ட் தம் நூலில், வெறும் சந்திப்பு நல்லுறவைத் தராது என எழுதினார். சமநிலை, பொதுக்குறிக்கோள், கூட்டுழைப்பு, அதிகாரம் உடையோரின் ஆதரவு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் சந்திப்பு பயன் தரும் என்றார். ஒரு வகுப்பறையில் இந்நான்கையும் அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரிடமே உள்ளது.

4. மொழியும் தன்மதிப்பும்

குழு அடையாளத்தின் வெளிப்படையான அறிகுறிகளுள் மொழி முதன்மையானது. ஒருவர் வாய் திறந்ததும் கேட்போர் அவரை ஒரு குழுவில் வைத்துவிடுகின்றனர். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வாலஸ் லாம்பெர்ட்டும் அவர்தம் உடனாய்வாளரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. இருமொழிப் புலமையுடைய நால்வர் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்தனர். ஒரே மனிதரின் குரலே இருமுறை வருகிறது என்பதை அறியாத கல்லூரி மாணவர், குரலைக் கேட்டு அறிவு, நம்பகம், தோற்றம் போன்றவற்றை மதிப்பிட்டனர்.

ஆங்கில மாணவர் ஆங்கிலக் குரலுக்கு உயர்ந்த மதிப்பளித்தனர். இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, பிரெஞ்சு மாணவரும் பல பண்புகளில் ஆங்கிலக் குரலையே உயர்த்தி மதிப்பிட்டனர் என்பதாகும். அன்றைய மாண்ட்ரியலில் செல்வமும் உயர்பதவியும் ஆங்கிலத்தோடு சேர்ந்திருந்தன. செல்வாக்குமிக்க சமூகம் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தை அவர்கள் தம் எண்ணமாகவே ஏற்றுக்கொண்டிருந்தனர். முன் கண்ட பிரிஸ்டல் சிறுவர் எந்தக் காரணமும் இன்றித் தம் குழுவை உயர்த்தினர். இங்கோ ஒரு மொழிச் சமூகத்தின் இளையோர் தம் குரலையே தாழ்த்தினர். சமூகத்தில் குழுக்களின் நிலை சமமாக இல்லாதபோது என்ன நிகழும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிச்சர்ட் பூரியும் ஹோவர்ட் கைல்சும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், வேல்சு மொழியை விரும்பிக் கற்ற பெரியவர்களிடம் ஆங்கிலத்தில் வினாக்கள் கேட்கப்பட்டன. வினவியவர் உயர்குடி ஒலிப்பில் பேசினார். இடையில், எதிர்காலமற்று அழிந்துவரும் மொழியை ஏன் கற்கிறீர்கள் என்றார். உடனே பலருடைய ஆங்கிலத்தில் வேல்சு ஒலிப்பு அழுத்தம் பெற்றது. சிலர் விடையில் வேல்சுச் சொற்களைக் கலந்தனர். அடையாளம் தாக்கப்படும்போது, அதனைத் தாமே விரும்பி ஏற்றவர் அதை இன்னும் உறுதியாகப் பற்றுகின்றனர். மாண்ட்ரியல் மாணவரையும் வேல்சு மொழி கற்றோரையும் வேறுபடுத்துவது இவ்விருப்பமே என்று கருத இடமுண்டு.

5. நமது சூழல்

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழ் ஒன்று. ஆயினும் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். எனவே இன்று தமிழ் வகுப்பினுள் நுழையும் மாணவரிடையே, வீட்டில் தமிழ் பேசுவோர், பேசாதோர் என மற்றொரு கோடு ஓடுகிறது. கோடு ஒன்றே போதும் என்பதை முன்னரே கண்டோம்.

ஒரு மாணவி வாய்மொழிப் பயிற்சியில் தடுமாறுகிறார் எனக் கொள்வோம். லகர ளகரம் மாறுகிறது. பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. 'தமிழராய்ப் பிறந்தும் தமிழ் வரவில்லையா?' என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கடிந்துகொள்கிறார். அடுத்த வாரம் அம்மாணவி தோழியரோடு சேர்ந்து, 'எங்களுக்குத் தமிழ் வராது' என்கிறார். இதில் 'எங்களுக்கு' என்னும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். ஒரு புதிய குழு பிறந்துவிட்டது. தமிழ் வராதவர் என்பதே அதன் அடையாளம். தாஜ்ஃபெலும் டர்னரும் கூறிய முதல் வழியான விலகலை அவர் மேற்கொண்டுவிட்டார். அவர் சோம்பலால் விலகவில்லை. தன்மதிப்பைக் காத்துக்கொள்ளவே விலகினார். மொழியைக் காக்கும் ஆர்வத்தில் நாம் எழுப்பும் வேலி, சில வேளைகளில் நம் பிள்ளைகளையே வெளியே நிறுத்திவிடுகிறது.

இதற்கு மாற்றுவழியை நம் வரலாற்றிலேயே காணலாம். தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1935இல் வெளிவரத் தொடங்கிய தமிழ் முரசின் வழியாகச் சமூகச் சீர்திருத்தத்திற்கு உழைத்தவர். அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் சாதியாலும் சமயத்தாலும் பிரிந்திருந்தனர். 1952 முதல் அவர் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள், அப்பிரிவுகளைக் கடந்து அனைவரும் ஒன்றுகூடும் விழாவாயிற்று. பழைய அடையாளங்களை விட்டுவிடுமாறு எவரையும் வற்புறுத்தாமல், அவற்றையெல்லாம் உளப்படுத்தும் பெரிய அடையாளத்தை அமைத்தல் என்று பிற்காலச் சமூக உளவியலார் விளக்கிய முறைக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறுவதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டதையும் இங்கு நினைவுகூரலாம். பிறரிடம் நம் உரிமையை எடுத்துரைக்கும்போது 'எங்கள்' என்பதே பொருத்தமான சொல். ஆகவே 'நாங்கள்' என்பது தீய சொல் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. தம் குழுவின்மீது அன்பு கொள்வதும் பிற குழுவை வெறுப்பதும் ஒன்றல்ல எனச் சமூக உளவியலார் மேரிலின் புரூவர் தெளிவுபடுத்தியுள்ளார். இருப்பினும், உள்ளே இருக்க வேண்டிய ஒருவரிடம் நாம் 'நாங்கள்' என்று பேசும்போதுதான் தீங்கு நேர்கிறது.

6. வகுப்பறையில் செய்யத்தக்கது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தனர். 1971இல் எலியட் அரன்சன் அங்கு ஒரு கற்பித்தல் முறையை வகுத்தார். மாணவர் ஐவர் அல்லது அறுவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்படுவர். பாடம் பகுதிகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி மட்டும் தரப்படும். மற்றவர் சொல்வதைக் கேட்டாலன்றி முழுப் பாடமும் எவருக்கும் கிடைக்காது. படத்துண்டுகளை இணைக்கும் புதிர் போன்றது இது.

வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் சிறுவன் ஒருவன் தன் பகுதியைச் சொல்லத் திணறியபோது மற்றவர் முதலில் ஏளனம் செய்தனர். அவன் அறிந்ததை அறியாமல் நீங்கள் தேர்வெழுத முடியாது என்று உடனிருந்தவர் நினைவூட்டினார். அதன்பின் அப்பிள்ளைகள் ஏளனத்தை விட்டு, அவனிடமிருந்து செய்தியைப் பெறுவதற்கு ஏற்ற நல்ல வினாக்களைக் கேட்கக் கற்றனர். சில வாரங்களில் அவனும் தயக்கம் நீங்கிப் பேசலானான்.

இம்முறையைத் தமிழ் வகுப்பிலும் கையாளலாம். சாரங்கபாணியின் வாழ்வையே இளமை, தமிழ் முரசு, தமிழர் திருநாள், குடியுரிமைக்கான பணி, தமிழ்ப் படிப்புக்கான முயற்சி என ஐந்து பகுதிகளாக்கி ஐவருக்குத் தரலாம். வீட்டில் தமிழ் பேசாத மாணவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஒரு பகுதி இருக்கும். அப்போது அவருடைய தமிழைச் செவிமடுக்க வேண்டிய தேவை மற்றவர்க்கு உண்டாகிறது. பிழையைத் திருத்த வேண்டாம் என்பது இதன் பொருளன்று. திருத்தம் உறுப்பினருக்குச் செய்யப்படும் உதவியாக அமைய வேண்டும். உறுப்பினராவதற்கு வைக்கப்படும் தேர்வாக அமையலாகாது.

7. ஆய்வில் ஈடுபட விழைவோர்க்கு

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு நம் சூழலே வளமான களம். நண்பர் இருவர் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது எந்தக் கணத்தில், எவர் வருகையால், எப்பொருள் பற்றிய பேச்சில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர்? சிங்கப்பூர், மலேசியா, தமிழ்நாடு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் பேச்சு ஒலிப்புகளைக் கேட்கும் மாணவர் எதற்கு எத்தகைய மதிப்பளிக்கின்றனர்? தமிழைப் பற்றிப் பேசும்போது மாணவர் எப்போது 'நம் மொழி' என்றும் எப்போது 'உங்கள் மொழி' என்றும் சொல்கின்றனர்? கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் மட்டும் ஆராய்பவர் முழுமையாகக் கேட்க இயலாது. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு நமக்குக் கிடைத்த ஆய்வுக்கருவி.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. பிரிஸ்டல் சிறுவரிடமும் ஓக்லஹோமா சிறுவரிடமும் கண்டதை உலகத்தார் அனைவர்க்கும் அப்படியே பொருத்திவிடலாகாது. நம் மாணவரிடம் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஆராய்ந்தே சொல்ல வேண்டும். மேலும், அன்று ஷெரீஃப் செய்ததுபோலச் சிறுவரிடையே பகை மூட்டிப் பார்ப்பதை இன்றைய ஆய்வு நெறி ஏற்காது. பங்கேற்பவரின் இசைவைப் பெறுவதும், சிறுவராயின் பெற்றோரின் இசைவைப் பெறுவதும், பெயரை மறைத்துக் காப்பதும் ஆய்வாளரின் கடமைகள்.

தாஜ்ஃபெல் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தது, பொருளற்ற ஒரு கோடு மனிதரை எவ்வளவு தொலைவு பிரித்துவிடும் என்பதையே. அக்கோடுகளை வரைவோரும் அழிப்போரும் மனிதரே. அடுத்த தமிழ்ப் பாட நேரத்தில் ஒரு மாணவி தடுமாறுவார். பின்வரிசையில் சிரிப்பு எழும். அப்போது ஆசிரியரும் உடன் பயில்வோரும் சொல்லும் சொல்லைப் பொறுத்தே, அவர் 'எங்களுக்குத் தமிழ் வராது' என்பவர் பக்கம் போவதும், 'நம் தமிழ்' என்பவரோடு அமர்வதும் அமையும்.